ராஜாவின் ரகசியத்தைக் காத்த செவாலியே தெயோன்

லண்டன் மாநகரம். 1777-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி.

இங்கிலாந்து மன்னரின் பெரிய கோர்ட்டில் அன்று ஒரு விசித்திரமான வழக்கு வந்தது. அது கொலை வழக்கு அல்ல. கொள்ளை வழக்கும் அல்ல. ஹேய்ஸ் என்ற வைத்தியர், ஜேக்ஸ் என்ற தரகரிடம் 700 பவுன் பணம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அது பந்தயப் பணம்.

குதிரைப் பந்தயமா? சேவல் சண்டையா? இரண்டும் இல்லை. லண்டனில் வசித்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆணா, பெண்ணா என்று கட்டிய பந்தயம்!

அந்தப் பிரெஞ்சுக்காரர் சாதாரண ஆள் அல்லர். படையில் கேப்டனாக இருந்தவர். ஒரு ராஜாவின் தூதராக இன்னொரு ராஜாவின் சபையில் அமர்ந்தவர். வாள் வீச்சில் ஐரோப்பாவிலேயே பேர் பெற்றவர். அவர்தான் செவாலியே தெயோன். செவாலியே என்பது அந்த நாட்டில் வீரர்களுக்கு அளிக்கப்படும் பட்டம்.

ஒரு வைத்தியரும் ஒரு பத்திரிகைக்காரரும் கூண்டில் ஏறி, தெயோன் பெண்தான் என்று சாட்சி சொன்னார்கள். ஜூரர்கள் அதை நம்பினார்கள். தெயோன் பெண் என்றே தீர்ப்பாயிற்று. வைத்தியர் வழக்கில் ஜெயித்தார்.

சம்பந்தப்பட்ட தெயோன் மட்டும் கோர்ட்டில் சாட்சி சொல்லவில்லை.

யார் இந்தத் தெயோன்? உலகமே இப்படிப் பந்தயம் கட்டும் நிலை அவருக்கு ஏன் வந்தது?

தொனேர் ஊரில் பிறந்த குழந்தை

பிரெஞ்சு தேசத்தில் பர்கண்டி என்று ஒரு வட்டாரம் உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர் போன பூமி. அங்கே தொனேர் என்ற சிற்றூரில் 1728-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி தெயோன் பிறந்தார். தந்தை வக்கீல், ஊரில் செல்வாக்கு உள்ளவர்.

இரண்டு நாள் கழித்து மாதா கோவிலில் ஞானஸ்நானம் நடந்தது. பதிவேட்டில் ஆண் குழந்தை என்று எழுதினார்கள். சார்ல், ஜெனெவியேவ், லூயி, ஓகுஸ்த், ஆந்திரே, திமொத்தே என்று ஆறு பெயர்களைச் சேர்த்து வைத்தார்கள். அவற்றில் ஜெனெவியேவ் என்பது பெண்ணின் பெயர்.

குழந்தை கெட்டிக்காரக் குழந்தையாக வளர்ந்தது. பாரிஸ் நகருக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். 1749-ல் சட்டப் படிப்பு முடிந்தது. தெயோன் சிறிய உருவம் படைத்தவர், மிருதுவான முகம். ஆனால் வாளைக் கையில் எடுத்துவிட்டால் எதிரே நிற்பது கஷ்டம். பேனாவும் அப்படித்தான். அரசாங்கத்தின் வரவு செலவு பற்றி இளம் வயதிலேயே நூல் எழுதினார்.

அந்தப் பேனா அரண்மனையின் கண்ணில் பட்டது.

ராஜா நடத்திய ஒற்றர் கூட்டம்

அப்போது பிரெஞ்சு தேசத்தை ஆண்டவர் 15-ம் லூயி. மந்திரிகள் ஒரு பக்கம் ராஜ்யத்தை இழுத்தார்கள். ராஜாவின் அன்புக்குரிய பொம்படூர் சீமாட்டி இன்னொரு பக்கம் இழுத்தார். ராஜா யாரையும் முழுக்க நம்பவில்லை.

ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். தம் மந்திரிகளுக்கே தெரியாமல் ஒரு ஒற்றர் கூட்டத்தை அமைத்தார். அதற்கு ராஜாவின் ரகசியம் என்றே பெயர்.

அது நடந்த விதம் வேடிக்கையானது. வெளிநாட்டில் இருக்கும் தூதருக்கு மந்திரி ஓர் உத்தரவு அனுப்புவார். அதே தூதரின் அலுவலகத்தில் ராஜாவின் அந்தரங்க ஆள் ஒருவர் இருப்பார். அவருக்கு ராஜா வேறோர் உத்தரவு அனுப்புவார். சில சமயம் இரண்டு உத்தரவுகளும் நேர் எதிராக இருக்கும்! கடிதங்கள் எல்லாம் சங்கேத எழுத்தில் போகும். உறவினரான கொந்தி இளவரசரைப் போலந்து நாட்டின் சிம்மாசனத்தில் ஏற்ற வேண்டும் என்பதே இந்தக் கூட்டத்தின் முதல் நோக்கம். அது பலிக்கவில்லை. ஆனால் கூட்டம் மட்டும் கலையவில்லை.

1756-ல் தெயோன் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அவருக்கு வயது 27.

ருஷிய சக்கரவர்த்தினியின் நகரில்

தெயோனுக்குக் கிடைத்த முதல் வேலை ருஷியாவில். அங்கே மகா பீட்டரின் மகள் எலிசபெத் சக்கரவர்த்தினியாக ஆண்டுகொண்டிருந்தார். பிரெஞ்சு அரசுக்கும் ருஷிய அரசுக்கும் பல வருஷங்களாகப் பேச்சு வார்த்தை இல்லை. அந்த உறவைப் புதுப்பிக்க டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போனார். அவருக்குச் செயலாளர் தெயோன்.

இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. தெயோன் பெண் வேஷம் போட்டுக்கொண்டு, லியா என்ற பெயரில் அரண்மனைக்குள் புகுந்தார், சக்கரவர்த்தினிக்குப் புத்தகம் படித்துக் காட்டும் தோழியாக இருந்தார் என்பது அந்தக் கதை. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துத் தஸ்தாவேஜு எதிலும் இதற்கு ஆதாரம் இல்லை. பிற்காலத்தில் கட்டப்பட்ட கதை என்றே சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் ஒன்று உண்மை. எலிசபெத் சக்கரவர்த்தினி தம் அரண்மனையில் விசித்திரமான நடன விருந்துகளை நடத்தியவர். அந்த விருந்துகளில் ஆண்கள் பெண் உடையிலும், பெண்கள் ஆண் உடையிலும் வர வேண்டும். இது மகாராணியின் கட்டளை!

தெயோன் ருஷியாவில் நன்றாக உழைத்தார். 1757-ல் முக்கியமான செய்தியை எடுத்துக்கொண்டு வெர்சேல்ஸ் அரண்மனைக்கு விரைந்தார். வழியில் வண்டி கவிழ்ந்து கால் முறிந்தது. முறிந்த காலோடு பயணத்தைத் தொடர்ந்து செய்தியைச் சேர்த்தார். ராஜா மகிழ்ந்து குதிரைப் படையில் பதவி கொடுத்தார்.

1760-ல் நாடு திரும்பினார். மறு வருஷம் கேப்டன் உடையில் ஜெர்மானியப் போர்க்களத்துக்குச் சென்றார். அங்கே காயமும் பட்டார். ஒற்றராக இருந்தவர் வீரராகவும் பேர் வாங்கினார்.

புதுச்சேரியைத் திருப்பித் தந்த ஒப்பந்தம்

அது 7 வருஷ யுத்தம் நடந்த காலம். ஐரோப்பாவில் மட்டுமா? அமெரிக்காவிலும் நம் நாட்டிலும்கூடப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. நகரை இடித்துத் தள்ளினார்கள்.

கடைசியில் பிரெஞ்சு தேசம் களைத்துப்போயிற்று. சமாதானம் பேச 1762-ல் நிவெர்னே பிரபு லண்டனுக்குப் போனார். அவருடைய செயலாளராகத் தெயோன் போனார்.

அங்கே நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. இங்கிலாந்து அரசின் அதிகாரி ஒருவர் முக்கியமான காகிதங்களுடன் பிரெஞ்சுத் தூதரைப் பார்க்க வந்தார். தூதர் அவருக்குத் தொனேர் ஊர்த் திராட்சை மதுவை ஊற்றி உபசரித்துக்கொண்டே இருந்தார். பக்கத்து அறையில் தெயோன் அவருடைய பையைத் திறந்து காகிதங்களைப் பிரதி எடுத்துவிட்டார்!

1763 பிப்ரவரி 10-ந் தேதி பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி கனடா ஆங்கிலேயருக்குப் போயிற்று. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது. கர்நாடக நவாபாக முகமது அலியை ஏற்பதாகவும் அதே ஒப்பந்தத்தில் எழுதினார்கள். நம் ஊர்களின் தலையெழுத்தை மாற்றிய ஒப்பந்தத்துக்காக உழைத்தவர்களில் தெயோனும் ஒருவர்.

இங்கிலாந்து மன்னர் ஒப்புதல் அளித்த பத்திரத்தை வெர்சேல்ஸுக்கு எடுத்துச் செல்லும் கௌரவமும் அவருக்கே கிடைத்தது. ராஜா அவருக்குப் புனித லூயியின் சிலுவைப் பதக்கத்தை அளித்தார். அன்று முதல் அவர் செவாலியே தெயோன்.

வெடிமருந்து போன்ற காகிதம்

நிவெர்னே பிரபு நாடு திரும்பினார். புதிய தூதர் வரும்வரை லண்டனில் பிரெஞ்சு ராஜாவின் பிரதிநிதி தெயோன்தான். சிற்றூர் வக்கீலின் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உயர்வு!

அந்தச் சமயத்தில்தான் ராஜாவிடமிருந்து ஒரு ரகசிய உத்தரவு வந்தது. 1763 ஜூன் 3-ந் தேதியிட்டது. சமாதான ஒப்பந்தத்தின் மை உலர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் ராஜாவோ இங்கிலாந்தின் மீது படையெடுக்கத் திட்டம் போட்டிருந்தார்! இங்கிலாந்தின் கடற்கரையை ரகசியமாக அளந்து, எங்கே படையை இறக்கலாம் என்று பார்க்க ஓர் ஆளை அனுப்பினார். அந்த வேலைக்குத் தெயோன் துணையாக இருக்க வேண்டும். இது மந்திரிகளுக்குத் தெரியாது.

இந்தக் காகிதம் ஆங்கிலேயர் கையில் கிடைத்தால் மறுபடியும் யுத்தம் மூளலாம். பிரெஞ்சு ராஜாவின் மானம் கப்பலேறும். வெடிமருந்துப் பீப்பாய் போன்ற அந்தக் காகிதம் தெயோனின் பெட்டியில் இருந்தது.

வீழ்ச்சி

1763 அக்டோபரில் கெர்ஷி பிரபு புதிய தூதராக வந்து சேர்ந்தார். தெயோன் மீண்டும் செயலாளராகி அவருக்குக் கீழே வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நேற்றுவரை ராஜாவின் பிரதிநிதி. இன்று ஒரு பிரபுவின் எழுத்தர்! அது போதாதென்று, விருந்துக்கும் மதுவுக்கும் தெயோன் செய்த செலவுகளைப் பற்றியும் கேள்வி வந்தது. அவர் தாராளமாகச் செலவழித்தவர் என்பதில் சந்தேகம் இல்லை.

உடனே நாடு திரும்பு என்று மந்திரி உத்தரவிட்டார். தெயோன் மறுத்தார். கெர்ஷி பிரபு தமக்கு விருந்தில் மயக்க மருந்து கொடுத்தார் என்று குற்றம் சாட்டினார். தம் வீட்டைக் கோட்டை போல ஆக்கிக்கொண்டார். காவலுக்கு ஆட்களை வைத்தார், ஆயுதங்களைச் சேர்த்தார். அவரைப் பிடித்துத் தருமாறு பிரெஞ்சு அரசு கேட்டது. இங்கிலாந்து அரசு இணங்கவில்லை.

1764 மார்ச் மாதம் தெயோன் ஒரு புத்தகம் வெளியிட்டார். தூதரகத்தின் அந்தரங்கக் கடிதங்கள் எல்லாம் அதில் அச்சாகியிருந்தன! லண்டன் ஜனங்கள் ஆவலோடு வாங்கிப் படித்தார்கள். வெர்சேல்ஸ் நடுங்கியது.

ஆனால் புத்தகத்தில் ஒன்று மட்டும் இல்லை. படையெடுப்பு பற்றிய ராஜாவின் உத்தரவு இல்லை. தெயோன் அதை வெளியிடவில்லை. வெளியிடாமல் வைத்திருப்பதே தமக்குப் பாதுகாப்பு என்று அறிந்திருந்தார்.

கெர்ஷி பிரபுவை அவமதித்ததாக லண்டன் கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. தெயோன் தலைமறைவானார். கடைசியில் 1766-ல் ராஜா இறங்கி வந்தார். வருஷத்துக்கு 12,000 லிவ்ர் உபகாரச் சம்பளம் அளிப்பதாக எழுதிக் கொடுத்தார். லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சு நாணயம். தெயோன் லண்டனிலேயே இருந்துகொண்டு ரகசியச் செய்திகளை அனுப்ப வேண்டும். நாடு திரும்பக் கூடாது.

சம்பளம் உண்டு, சொந்த மண் இல்லை. வெளி உலகின் கண்ணில் அவர் துரோகி. உள்ளுக்குள் அவர் ராஜாவின் ஒற்றர்!

ஆணா, பெண்ணா?

1770-ம் ஆண்டு வாக்கில் ஒரு வதந்தி கிளம்பியது. கேப்டன் தெயோன் உண்மையில் பெண் என்பதே அந்த வதந்தி.

லண்டன் தரகர்களுக்கு இது போதாதா? பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். பங்கு வியாபாரம் போல இந்தப் பந்தயமும் ஏறி இறங்கியது. பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டன.

தெயோன் கொதித்துப்போனார். 1771-ல் ராணுவ உடை தரித்து, கையில் தடியோடு தரகர்கள் கூடும் காப்பிக் கடைகளுக்கே போனார். தம்மைப் பற்றிப் பந்தயம் கட்டியவன் எவனோ அவன் முன்னே வரட்டும் என்று சவால் விட்டார். ஒருவரும் முன்னே வரவில்லை.

ஆனால் பந்தயம் நிற்கவில்லை. உடலைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார்கள் சிலர். தெயோன் சம்மதிக்கவில்லை. தாம் ஆண் என்று நிரூபிக்கவும் முன்வரவில்லை. பெண் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. பிறருடைய பணத்துக்காகத் தம் உடலைக் காட்சிப் பொருளாக்க அவர் மறுத்துவிட்டார்.

இப்போது அவரிடம் இரண்டு ரகசியங்கள். ஒன்று ராஜாவின் ரகசியம். மற்றொன்று அவருடைய சொந்த ரகசியம்.

நாடக ஆசிரியர் வந்தார்

1774 மே மாதம் 15-ம் லூயி அம்மை நோயால் இறந்தார். பட்டத்துக்கு வந்த 16-ம் லூயி அந்தரங்க ஒற்றர் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். ஆனால் தெயோனின் பெட்டி லண்டனில் இருக்கிறதே!

அதை மீட்டு வர 1775-ல் பொமார்ஷே என்பவரை அனுப்பினார்கள். அவர் பிரபல நாடக ஆசிரியர். ஒற்றர் வேலையிலும் கைதேர்ந்தவர். தெயோனின் பெட்டி, வாங்கிய கடனுக்கு ஈடாகப் பெர்ரர்ஸ் பிரபுவிடம் இருந்தது. பொமார்ஷே கடனை அடைத்துப் பெட்டியைத் திறந்தார். முக்கியமான காகிதங்கள் அதில் இல்லை! அவற்றைத் தெயோன் தம் வீட்டுத் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். பிறகுதான் அவற்றை எடுத்துக் கொடுத்தார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். தாம் பிறப்பில் பெண் என்றும், சொத்துக்கு ஆண் வாரிசு வேண்டும் என்பதால் தந்தை தம்மை ஆணாக வளர்த்தார் என்றும் தெரிவித்தார். பொமார்ஷே அதை அப்படியே நம்பினார்.

நீண்ட ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. காகிதங்கள் அனைத்தையும் தெயோன் திருப்பித் தர வேண்டும். உபகாரச் சம்பளம் தொடரும். அவர் நாடு திரும்பலாம். ஆனால் ஒரு நிபந்தனை: இனிமேல் பெண்ணாகவே வாழ வேண்டும், பெண் உடையே உடுத்த வேண்டும்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார்? தப்பிக்கச் செய்த தந்திரம் என்பார் சிலர். மனதுக்குள் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தார் என்பார் சிலர். வீரப் பெண்களையும் கற்றறிந்த பெண்களையும் பற்றிய நூல்களை அவர் ஏராளமாகச் சேர்த்து வைத்திருந்தது உண்மை. பிற்காலத்தில் தம் சுயசரிதையை ஒரு பெண்ணின் கதையாகவே எழுதியதும் உண்மை.

அரண்மனையில் சீமாட்டி

கோர்ட் தீர்ப்பான மறு மாதம், 1777 ஆகஸ்டில், தெயோன் தாய்நாடு திரும்பினார். எந்த உடையில்? குதிரைப் படைக் கேப்டன் உடையில்!

உடனே ராஜாவின் கட்டளை பிறந்தது. பெண் உடை தவிர வேறு உடுத்தக் கூடாது என்பது அந்தக் கட்டளை. மரி அந்துவானெத் மகாராணியின் தையற்காரி ரோஸ் பெர்த்தேன் உடைகள் தைத்தார். அக்டோபர் 21-ந் தேதி தெயோனுக்குப் பட்டு உடுத்தி அலங்காரம் செய்தார்கள். நவம்பரில் ராஜ சபையில் அவர் சீமாட்டியாக நின்றார். பட்டு உடையின் மீது புனித லூயியின் சிலுவைப் பதக்கம் மின்னியது. வீரத்துக்காகக் கிடைத்த அதை மட்டும் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை.

அமெரிக்காவின் சுதந்திர யுத்தத்தில் பிரெஞ்சுப் படை இறங்கியது. தெயோனின் ரத்தம் துடித்தது. மறுபடி ராணுவ உடை தரித்துப் போருக்குப் போக அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் விடாமல் வற்புறுத்தவே, 1779-ல் பிடித்து திஜோன் கோட்டையில் சில வாரம் அடைத்து வைத்தார்கள். பிறகு தொனேர் ஊருக்குப் போய்த் தாயோடு வாழ்ந்தார்.

தம்மைப் பெண் என்று அவரே சொன்னார். ஆனால் பெண் என்றால் வாளைத் தொடக்கூடாது என்று உலகம் சொன்னபோது அதை அவர் ஏற்கவில்லை.

பந்தயம் செல்லாது!

லண்டனில் பந்தயக்காரர்களின் கதி என்ன ஆயிற்று?

அதே விஷயமாக இன்னொரு பந்தய வழக்கு 1778-ல் வந்தது. மான்ஸ்பீல்டு பிரபு பிரதம நீதிபதி. இத்தகைய பந்தயமே சட்டப்படி செல்லாது என்று அவர் தீர்ப்பளித்தார். சம்பந்தமில்லாத இரண்டு பேர் தங்கள் ஆதாயத்துக்காகப் பந்தயம் கட்டி, மூன்றாவது மனிதர் ஒருவரின் மானத்தைச் சந்தியில் இழுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

தெயோன் பல வருஷங்களாகக் கேட்டது இந்த நியாயத்தைத்தான். அது கிடைக்க எட்டு வருஷம் ஆயிற்று.

58 வயதில் வாள் சண்டை

1785-ல் தெயோன் மறுபடியும் லண்டனுக்குப் போனார். நாட்டின் ரகசியம் எதுவும் இப்போது அவர் கையில் இல்லை. வாள் மட்டும் இருந்தது.

1787 ஏப்ரல் 9-ந் தேதி. கார்ல்டன் மாளிகையில் இங்கிலாந்து இளவரசர் முன்னிலையில் ஒரு வாள் போட்டி நடந்தது. ஒரு பக்கம் சேன் ஜோர்ஜ். குவாதலூப் தீவில் அடிமைப் பெண் ஒருவருக்குப் பிறந்து, வாள் வித்தையிலும் சங்கீதத்திலும் ஐரோப்பாவையே வியக்க வைத்தவர். வயது 41. எதிரே, கறுப்புப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் அணிந்த 58 வயது மூதாட்டி. அந்த மூதாட்டி தெயோன்தான்!

வெற்றி தெயோனுக்கே கிடைத்தது. அந்தக் காட்சியை ஓவியமாகத் தீட்டி வைத்தார்கள்.

கடைசி நாட்கள்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ராஜா போனார், ராஜா கொடுத்த உபகாரச் சம்பளமும் போயிற்று. பெண்கள் படை ஒன்றைத் திரட்டித் தேசத்துக்காகப் போரிடத் தயார் என்று 1792-ல் தெயோன் விண்ணப்பம் அனுப்பினார். அவர்கள் ஏற்கவில்லை.

வயிற்றுப் பாட்டுக்காக ஊர் ஊராகச் சென்று வாள் வீசிக் காட்டினார். ஆசையாய்ச் சேர்த்த புத்தகங்களையும் நகைகளையும் விற்றார். 1796-ல் சவுத்தாம்டன் நகரில் நடந்த போட்டியில் பலத்த காயம் பட்டது. அத்தோடு வாள் கையை விட்டுப் போயிற்று. அப்போது வயது 67.

அதன் பிறகு திருமதி கோல் என்ற விதவையோடு ஒரே வீட்டில் வசித்தார். இரண்டு மூதாட்டிகளும் வறுமையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1804-ல் கடனுக்காகச் சிறைக்கும் போக நேர்ந்தது. பின்னர் கீழே விழுந்து அடிபட்டதில் கை கால் விழுந்துவிட்டது. கடைசி வருஷங்களைப் படுக்கையிலேயே கழித்தார்.

1810 மே 21-ந் தேதி தெயோனின் உயிர் பிரிந்தது. வயது 81.

உடலைக் கழுவி அடக்கத்துக்குத் தயார் செய்யும்போது திருமதி கோல் திகைத்துப்போனார். தாமஸ் கோப்லண்டு என்ற வைத்தியர் சாட்சிகள் முன்னிலையில் உடலைச் சோதித்தார். அது ஆண் உடல் என்று எழுதிக் கையெழுத்திட்டார். உயிர் உள்ளவரை அவர் மறுத்த சோதனையை, உயிர் போன பிறகு நடத்திவிட்டார்கள்.

எது மிச்சம்?

செவாலியே தெயோன் ஆண் என்ற பெயரோடு 49 வருஷம் வாழ்ந்தார். பெண் என்ற பெயரோடு 32 வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். லண்டனில் புனித பாங்க்ரஸ் கோவில் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்று இல்லை. ஆனால் அந்த இடுகாட்டில் கல்லறை இழந்தவர்களுக்காக 1879-ல் எழுப்பிய நினைவுத் தூணில் அவர் பெயர் இருக்கிறது. பிறந்த உடலுக்கு மாறாக வாழ விரும்புவோருக்கு உதவ 1966-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சங்கம், அவருடைய குடும்பப் பெயரான பொமோன் என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. 2012-ல் லண்டன் தேசிய உருவப்பட மாளிகை அவருடைய படத்தை வாங்கிச் சுவரில் மாட்டியது. கறுப்பு உடையும் தொப்பியும் அணிந்த சீமாட்டியின் படம். மார்பில் அதே சிலுவைப் பதக்கம்!

தெயோனிடம் குறைகள் உண்டு. ஆடம்பரம் உண்டு, பிடிவாதம் உண்டு, இட்டுக்கட்டிச் சொன்ன கதைகளும் உண்டு. ஆனால் யுத்தத்தை மூட்டக்கூடிய ஒரு காகிதம் 12 வருஷம் அவர் கையில் இருந்தது. அதை எதிரிக்கு விற்றிருந்தால் செல்வந்தராகியிருக்கலாம். அவர் விற்கவில்லை. கடனிலும், தலைமறைவாகத் திரிந்த நாளிலும்கூட விற்கவில்லை.

அவரோடு வாழ்ந்த உலகம் அதைப் பேசவில்லை. அவர் பாவாடைக்குள் இருப்பது என்ன என்றுதான் பேசியது. ஒரு தேசத்தின் ரகசியத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவருக்கு, அவருடைய சொந்த ரகசியத்தை வைத்துக்கொள்ள அந்த உலகம் இடம் கொடுக்கவில்லை.

ஒரு மனிதர் எந்த உடை உடுத்தினார் என்பதைவிட, தம்மை நம்பிக் கொடுத்ததை எப்படிக் காத்தார் என்பது பெரிது. அந்தக் கணக்கில் பார்த்தால் செவாலியே தெயோன் கடைசிவரை செவாலியேதான்.